பதிவேட்டில் ஏறாத வெற்றி

நம் பக்கத்து மேல்நிலைப் பள்ளி மைதானங்களில் கபடிக்குக் கோடு போட்டிருப்பார்கள், வாலிபாலுக்கு வலை கட்டியிருப்பார்கள். கூடைப்பந்துக்கென்று ஓர் ஓரத்தில் துருப்பிடித்த கம்பமும் வளையமும் நிற்கும். நாம் படித்த காலத்தில் அந்த வளையத்தில் வலை தொங்கி ஒருநாளும் பார்த்ததில்லை. அந்த விளையாட்டை உலகுக்குக் கொடுத்தவரிடமே பாடம் கற்ற ஒருவர், தான் படித்த கல்லூரியின் அணியில் ஒரு நிமிடம்கூட ஆட முடியாமல் போனதை இந்த வாரம் சொல்லப் போகிறோம். அவர் பெயர் ஜான் மெக்லெண்டன். அமெரிக்காவில் சின்னச் சின்னக் கல்லூரிகளின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக வாழ்நாளைக் கழித்தவர். 1999-ல் இறந்தார்.

1915 ஏப்ரல் 5-ம் தேதி கன்சாஸ் மாநிலத்தின் ஹயவாதா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை கறுப்பினத்தவர். தாய் வழியில் டெலாவேர் பழங்குடி ரத்தமும் உண்டு. சிறு வயதிலேயே தாயை இழந்தார். பிறகு கன்சாஸ் சிட்டியில் வளர்ந்தார். பள்ளி நாட்களில் கூடைப்பந்து அரங்கம் ஒன்றைப் பார்த்த அன்றே, பெரியவனானால் கோச் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். இத்தனைக்கும் பள்ளி அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. ஆடப் போகிறவர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுத்து, கணக்கு எழுதி, ஓரத்தில் நின்றே ஆட்டத்தைக் கற்றார்.

1933-ல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891-ல் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், குளிர்காலத்தில் மாணவர்கள் உள்ளே விளையாட ஏதாவது வேண்டும் என்று, பழக்கூடைகளை மாடிக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டிக் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். மகனை வண்டியில் கொண்டுவந்து விட்ட தந்தை, நேராக நெய்ஸ்மித்திடம் போய், நீங்கள்தான் என் வழிகாட்டி ஆசிரியர் என்று சொல்லச் சொன்னார். மகனும் அப்படியே போய்ச் சொன்னார். யார் சொன்னது என்று முதியவர் கேட்டார். அப்பா சொன்னார் என்றார் பையன். அப்பாக்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நெய்ஸ்மித் ஏற்றுக்கொண்டாராம். மெக்லெண்டன் வாழ்நாள் முழுவதும் சொல்லி மகிழ்ந்த கதை இது.

இதோடு கதை இனிதே முடிந்திருக்கலாம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்காவில் கறுப்பினத்தவருக்குத் தனிப் பள்ளி, தனி உணவகம், பேருந்தில் பின் இருக்கை. பிரித்து வைத்தாலும் சமமாக வைத்தால் போதும் என்று 1896-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. பிரித்து வைத்ததுதான் நடந்தது, சமம் நடக்கவில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகம் கறுப்பின மாணவர்களைப் படிக்கச் சேர்த்துக்கொண்டது. கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மட்டும் சேர்க்காது. விளையாட்டைக் கண்டுபிடித்தவரே நடமாடிய வளாகத்தில் இந்தத் தடை இருந்தது. அது நீங்கி முதல் கறுப்பின மாணவர் அந்த அணியின் சட்டையைப் போட 1950களின் தொடக்கம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தண்ணீர் வடிக்கப்பட்ட குளம்

உடற்கல்விப் பட்டம் வாங்க நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பின மாணவர்கள் நீச்சல் குளத்தில் இறங்கக்கூடாது. இந்த முரண்பாட்டுக்குக் கல்லூரி கண்ட வழி, அவர்களைத் தண்ணீரில் இறக்காமலேயே தேர்ச்சி கொடுத்துவிடுவது. சலுகை போலத் தோன்றும் அவமதிப்பு இது. மெக்லெண்டன் அந்த இலவசத் தேர்ச்சியை வாங்க மறுத்துக் குளத்தில் இறங்கி நீந்தினார். அவர் கரையேறியதும் குளத்தின் தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு மகத் நினைவுக்கு வராமல் இருக்காது. 1927-ல் அண்ணல் அம்பேத்கரும் அவர் பின்னே வந்தவர்களும் சவுதார் குளத்தில் நீர் அருந்திய பின், அந்தக் குளத்துக்குத் தீட்டுக் கழித்தார்கள் சாதி இந்துக்கள். இரண்டு கண்டங்கள், ஏழெட்டு ஆண்டு இடைவெளி. தண்ணீரைப் பற்றிய பயம் மட்டும் ஒன்றுபோல இருந்திருக்கிறது.

மெக்லெண்டன் அடுத்து செய்ததுதான் அவரைப் புரிந்துகொள்ள நமக்குக் கிடைத்த திறவுகோல். விளையாட்டுத் துறையின் தலைவரும் பெயர்பெற்ற பயிற்சியாளருமான ஃபாக் ஆலனிடம் பேசினார். குளத்தைத் திறந்தால் கலவரம் வரும் என்பது ஆலனின் வாதம். குறிப்பிட்ட சில நாட்கள் திறந்து வைத்துப் பாருங்கள், எந்தத் தகராறும் வராவிட்டால் நிரந்தரமாகத் திறந்துவிட வேண்டும் என்று மெக்லெண்டன் ஒப்பந்தம் பேசினார். பிறகு கறுப்பின மாணவர்களிடம் போய், அந்த நாட்கள் முடியும்வரை குளத்துப் பக்கமே போகாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். யாரும் போகவில்லை, அதனால் தகராறும் வரவில்லை. குளம் திறந்தது. இருபது வயதுப் பையனின் இந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது.

1936-ல் பட்டம் பெற்றார். அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். நெய்ஸ்மித்தின் உதவியோடு அயோவா பல்கலைக்கழகத்தில் முதுகலையும் முடித்தார். 1937-ல் வட கரோலினா மாநிலம் டர்ஹம் நகரில் வேலை கிடைத்தது. கல்லூரியின் பெயர், நீக்ரோக்களுக்கான வட கரோலினா கல்லூரி. பெயர்ப் பலகையிலேயே சாதியைச் சுமந்து நிற்கும் விடுதிகளில் தங்கிப் படித்த நம் பிள்ளைகளுக்கு, அந்தப் பெயரின் கீழ் நுழைந்து போவது எப்படி இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்துவிட்டு 1940-ல் தலைமைப் பயிற்சியாளரானார்.

அப்போதெல்லாம் கூடைப்பந்து நிதானமான ஆட்டம். பந்தைக் கைமாற்றி, நின்று, யோசித்துப் போடுவார்கள். மெக்லெண்டன் அதை ஓட்டப் பந்தயம் ஆக்கினார். எதிரணி பந்தைத் தவறவிட்ட நொடியில், அவர்கள் திரும்பி அணிவகுப்பதற்குள் மறுமுனைக்குப் பாய்ந்து கூடையில் போட்டுவிட வேண்டும். பந்து எதிரணியின் கையில் இருந்தால் பாதிக் களத்தில் காத்திருக்காமல் முழுக் களத்திலும் விரட்டி மறிக்க வேண்டும். இதற்கு நுரையீரல் வேண்டும். ஆகவே பந்தைத் தொடும் முன்பே அவருடைய பையன்கள் மைல் கணக்கில் ஓட வேண்டியிருந்தது. எதிரணியில் உயரமானவர்கள் இருக்கலாம், வசதியான அரங்கம் இருக்கலாம்; கடைசிப் பத்து நிமிடத்தில் மூச்சு யாரிடம் மிச்சம் இருக்கிறது என்பதே அவர் கணக்கு. இந்த யோசனைகளின் விதை நெய்ஸ்மித்திடம் கிடைத்தது என்று அவர் எப்போதும் சொல்லி வந்தார். இன்று தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் வேகமான கூடைப்பந்துக்கு ஒரு வேர் அந்தச் சின்னக் கல்லூரியின் ஜிம்மில் இருக்கிறது.

பூட்டிய கதவுக்குள் ஓர் ஆட்டம்

1944-ல் அவர் அணி அந்தப் பருவம் முழுக்க ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றிருந்தது. ஆனால் தேசியப் போட்டிகளில் கறுப்பினக் கல்லூரிகளுக்கு இடமில்லை. அதே ஊரில், சில மைல் தூரத்தில், வெள்ளையருக்கான டியூக் பல்கலைக்கழகம். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்ததால் அதன் மருத்துவக் கல்லூரியில் ராணுவத்துக்காகப் படிக்க வந்தவர்களில் பலர் வேறு பெரிய கல்லூரிகளில் பெயரெடுத்த ஆட்டக்காரர்கள். வட்டாரத்தில் அவர்களை வெல்ல ஆளில்லை என்று பேச்சு. இரு தரப்பு மாணவர்களும் யாருக்கும் தெரியாமல் சந்தித்துக்கொண்ட ஒரு பிரார்த்தனைக் கூட்டத்தில் யார் பெரியவர் என்ற வாக்குவாதம் எழுந்து, சவாலில் முடிந்தது.

சவாலை ஏற்பது சாதாரண காரியமில்லை. கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து விளையாடுவது அங்கே அனுமதிக்கப்படாத காலம். வெளியே தெரிந்தால் மெக்லெண்டனுக்கு வேலை போகும். பையன்களுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூலையில் அதே டர்ஹம் நகரில் புக்கர் ஸ்பைஸ்லி என்ற கறுப்பினப் படைவீரர் பேருந்தில் பின் இருக்கைக்குப் போவது பற்றிய தகராறில் ஓட்டுநரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் ராணுவ உடையில் இருந்தார். வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட ஜூரி ஓட்டுநரை விடுதலை செய்தது. அப்படிப்பட்ட ஊர் அது.

மெக்லெண்டன் தேர்ந்தெடுத்த நாள் மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. காவலர் உட்பட ஊரே தேவாலயத்தில் இருக்கும் நேரம். டியூக் மாணவர்கள் இரவல் கார்களில், நேர்வழியில் வராமல் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இறங்கியதும் மேல்சட்டையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினார்கள். கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர்கள் கிடையாது. விஷயம் தெரிந்த சில மாணவர்கள் மட்டும் சன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். நடுவர் ஒருவர், நேரம் பார்க்க ஒருவர்.

தொடக்கத்தில் இரு அணியும் தடுமாறின. எளிதான பந்துகளைக்கூட நழுவவிட்டார்கள். அந்தக் கறுப்பினப் பையன்களில் சிலர் அதுவரை ஒரு வெள்ளைக்காரனின் உடம்பைத் தொட்டுக்கூட அறியாதவர்கள். தொட்டால் என்ன நடக்கும் என்றுதான் சிறு வயது முதல் அவர்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். சில நிமிடங்களில் அந்தப் பயம் தெளிந்தது. ஓட்டம் பிடித்தார்கள். ஆட்டம் முடிந்தபோது கணக்கு 88-க்கு 44. சரியாக இரு மடங்கு.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் வெற்றியைவிடப் பெரிதாக நினைக்கிறோம். கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு இரு கல்லூரிப் பையன்களும் கலந்து புதிதாக இரண்டு அணி பிரித்தார்கள். ஒரு அணி சட்டையோடு, மறு அணி சட்டை இல்லாமல். ஒவ்வோர் அணியிலும் இரு நிறத்தவரும். இரண்டாவது ஆட்டம் ஆடினார்கள். முடிந்ததும் விடுதி அறைக்குப் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு வந்த வழியே வந்தவர்கள் போய்விட்டார்கள்.

உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகையின் நிருபர் ஒருவருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் ஒரு வரி எழுதவில்லை. எழுதியிருந்தால் பையன்களின் உயிருக்கு ஆபத்து. பத்திரிகையில் எழுதும் நமக்கு, எழுதாமல் விட்ட அந்த மனிதர்மீது பெரிய மரியாதை உண்டு. அந்த ஆட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. மெக்லெண்டனும் வெளியே பெருமை பேசவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1996-ல் ஸ்காட் எல்ஸ்வொர்த் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய பிறகுதான் நாட்டுக்கே தெரியவந்தது.

நம் நாட்டிலும் இதே ரகக் கதை உண்டு. பல்வங்கர் பாலூ என்ற தலித் பந்துவீச்சாளர் 1911-ல் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் விக்கெட்டுகளைக் குவித்தவர். பூனாவில் அதே ஆட்டக்காரருக்கு இடைவேளைத் தேநீர் அரங்கத்துக்கு வெளியே, தனி மண் குவளையில். பந்தைத் தொடலாம், கோப்பையைத் தொடக்கூடாது. அணித்தலைவர் பதவி கடைசிவரை அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923-ல் கிடைத்தது.

அதே ஹோட்டல், அதே மேசை

பெரிய போட்டிகளில் இடம் இல்லை என்றால் என்ன செய்வது? மெக்லெண்டனும் சக பயிற்சியாளர்களும் 1946-ல் வாஷிங்டன் நகரில் கறுப்பினக் கல்லூரிகளுக்கென்று சொந்தமாக ஒரு போட்டித் தொடரைத் தொடங்கினார்கள். முதல் ஆண்டுக் கோப்பையை அவர் அணியே வென்றது. அந்தத் தொடர் இன்றும் நடக்கிறது. ஆனால் அதோடு அவர் திருப்தி அடையவில்லை. நமக்கென்று தனியாக ஒன்று இருப்பதும் வேண்டும், பொதுவில் நம் பங்கும் வேண்டும் என்பது அவர் நிலை. தேசிய அமைப்புகளுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார், சக பயிற்சியாளர்களைக் கூட்டிக் குழு அமைத்தார். பெரிய கல்லூரிகளின் அமைப்பு கதவைத் திறக்கவில்லை. சிறு கல்லூரிகளின் தேசிய அமைப்பு 1953-ல் திறந்தது.

1954-ல் அவர் நாஷ்வில் நகரின் டென்னசி மாநிலக் கல்லூரிக்கு வந்தார். அதுவும் கறுப்பினத்தவருக்கான கல்லூரி. அந்த ஆண்டே கன்சாஸ் சிட்டியில் நடக்கும் ஒரு போட்டிக்கு அழைப்பு வந்தது. வழக்கமாகக் கறுப்பின அணி வந்தால் ஊரின் கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளில் பிரித்துத் தங்க வைப்பார்கள். மற்ற அணிகள் எந்த ஹோட்டலில் தங்குகின்றனவோ அதே தரத்தில் ஹோட்டலில் அறை, அவர்களைப் போலவே உணவகத்தில் சாப்பாடு, இல்லாவிட்டால் வர மாட்டோம் என்று மெக்லெண்டன் சொல்லிவிட்டார். போட்டி நடத்துவோர் இறங்கி வந்தார்கள். அவர் பையனாக வளர்ந்தது அதே நகரின் மறுகரையில். அங்கே அவர் தன் அணியோடு முன்வாசல் வழியாக ஹோட்டலுக்குள் போனார்.

மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெற்றி பெற்று நிரூபித்துவிட்டு உரிமை கேட்போம் என்று அவர் காத்திருக்கவில்லை. அனைவருக்கும் பொதுவான தேசியக் கோப்பை எதுவும் கையில் இல்லாத நிலையில்தான் அந்த நிபந்தனையை வைத்தார்.

கோப்பைகள் பிறகு வந்தன. சிறு கல்லூரிகளின் தேசியப் போட்டியில் 32 அணிகள். தோற்றால் வெளியே. கோப்பை வெல்ல ஒரே வாரத்தில் ஐந்து ஆட்டங்கள் ஜெயிக்க வேண்டும். டென்னசி அணி 1957-ல் வென்றது. அனைவருக்கும் பொதுவான தேசியப் போட்டி ஒன்றில் ஒரு கறுப்பினக் கல்லூரி கோப்பை வென்றது அதுவே முதல் முறை. 1958-லும் வென்றது. 1959-லும் வென்றது. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேசியக் கோப்பையை எடுத்த கல்லூரிப் பயிற்சியாளர் அதற்கு முன் அமெரிக்காவில் வெள்ளையரிலும் இல்லை, கறுப்பரிலும் இல்லை. அந்த அணியின் நட்சத்திரம் டிக் பார்னெட், பின்னாளில் நியூயார்க் நிக்ஸ் அணியில் ஆடிப் புகழ்பெற்றவர்.

கோப்பையோடு திரும்பிய பையன்கள் தங்கள் நாஷ்வில் நகரின் கடைவீதி உணவகத்தில் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. 1960 பிப்ரவரியில் அந்நகரக் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் அதே உணவகங்களில் போய் உட்கார்ந்து அறப்போர் நடத்திய பிறகே அது மாறியது. அப்போராட்டத்தில் டென்னசி கல்லூரி மாணவர்களும் இருந்தார்கள்.

இதன் பிறகான ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிளீவ்லாந்து பைப்பர்ஸ் என்ற அணிக்குப் பயிற்சியாளராகி, இரு நிறத்தவரும் ஆடும் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் ஆனார். அணி உரிமையாளர் ஆட்டக்காரர்களை நடத்திய விதமும் சம்பளத் தகராறும் பிடிக்காமல் 1962-ல் பாதிப் பருவத்தில் வேலையை விட்டார். கென்டக்கியில் கொஞ்ச காலம். 1966-ல் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, வெள்ளையர் பெரும்பான்மையாகப் படிக்கும் பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் என்ற பெயரும் வந்தது. அங்கே அவர் அணி வென்றதைவிடத் தோற்றதே அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1968 மெக்சிகோ ஒலிம்பிக் போட்டிக்கான அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சிக் குழுவில் இடம்பெற்றார். பிறகு ஒரு காலணி நிறுவனத்தின் சார்பில் பல நாடுகளுக்குப் போய்க் கூடைப்பந்து கற்றுக்கொடுத்தார்.

1979-ல் நெய்ஸ்மித் பெயரிலேயே அமைந்த கூடைப்பந்துப் புகழரங்கில் மெக்லெண்டனின் பெயர் சேர்க்கப்பட்டது. குருவின் பெயர் சூட்டிய மண்டபத்தில் சீடனுக்கு இடம். ஆனால் எந்தப் பிரிவில் என்று பார்க்க வேண்டும். விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்ற பிரிவில் சேர்த்தார்கள். பயிற்சியாளர் பிரிவில் இல்லை. மூன்று தேசியக் கோப்பை வென்றவரை, ஆட்டத்தின் வேகத்தையே மாற்றியவரைப் பயிற்சியாளர் என்று சொல்ல அவர்களுக்கு நா எழவில்லை. நல்ல மனிதர், சேவை செய்தவர், முன்னோடி என்றெல்லாம் பாராட்டுவார்கள். திறமைசாலி என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். இந்த வகைப் பாராட்டு நம் மக்களுக்கும் நன்றாகப் பழக்கம். பயிற்சியாளர் என்ற பெயரில் அவரை அந்த அரங்கில் சேர்த்தது 2016-ல். அவர் இறந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அவர் பையன்களின் கதை இன்னும் பாக்கி இருந்தது. முனைவர் பட்டம் வரை படித்துவிட்டிருந்த டிக் பார்னெட், தங்கள் டென்னசி அணியைப் புகழரங்கில் சேர்க்கக் கோரிப் பல ஆண்டுகள் அலைந்தார். 2019-ல் அணி சேர்க்கப்பட்டது. அக்காலத்தில் மூன்று முறை தேசியக் கோப்பையை வென்றபோதும் வெள்ளை மாளிகையிலிருந்து அவர்களுக்கு ஓர் அழைப்பும் வரவில்லை. 2024 ஏப்ரலில், உயிரோடு மிஞ்சியிருந்த சிலர் எண்பது வயதைக் கடந்த நிலையில் அங்கே போனார்கள். துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸ் அவர்களைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு பார்னெட் காலமானார்.